எரிக்கிற கறியைப் பகிர்ந்தால் என்ன?

பங்குனி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் செய்தித்தாளில் ஒரு சின்னச் செய்தி தவறாமல் வரும். வாகனம் மோதி புள்ளிமான் பலி. மொத்தமே நாலைந்து வரி. தண்ணீர் தேடி வந்த மான், அடையாளம் தெரியாத வாகனம், கால்நடை மருத்துவர் உடற்கூறாய்வு செய்தார், பின்னர் மான் புதைக்கப்பட்டது. சில நாள் 'எரியூட்டப்பட்டது' என்று இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம். போன வருஷச் செய்தியையே தேதி மாற்றிப் போட்டாலும் யாருக்கும் தெரியாது.

பெரம்பலூர் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. சென்னை – திருச்சி நான்குவழிச்சாலை எங்கள் காப்புக்காடுகளையும் கொல்லைகளையும் ஒட்டித்தான் போகிறது. கோடையில் காட்டுக்குள் குட்டை வற்றினால் மான் கூட்டம் மோட்டார் ஓடுகிற கொல்லையைத் தேடி வரும். வழியில் சாலை. இந்தப் பக்கம் நாய், அந்தப் பக்கம் லாரி. நீங்கள் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்கு வரும்போது 100-ல் ஓட்டிக்கொண்டு போகிற அதே சாலைதான்.

அந்தச் செய்தியின் முதல் மூன்று வரியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கடைசி வரியைப் பற்றி. பின்னர் புதைக்கப்பட்டது.

ஏன் புதைக்கணும்?

வளர்ந்த கிடா மான் 70, 80 கிலோ இருக்கும். தோல், தலை, குடல், எலும்பு எல்லாம் போக 35 கிலோ கறி தேறும் என்று வையுங்கள். ஆளுக்கு 175 கிராம் போட்டால் 200 பேருக்கு ஒருவேளைக் கறிச்சோறு. அதை ஜேசிபி வைத்துக் குழிவெட்டிப் புதைக்கிறோம், இல்லையென்றால் டீசல் ஊற்றி எரிக்கிறோம். அந்தக் குழியிலிருந்து கூப்பிடு தூரத்தில், கறி என்பதைத் தீபாவளிக்குத் தீபாவளி மட்டும் பார்க்கிற வீடுகள் இருக்கின்றன.

நான் சொல்ல வருவது இதுதான். சாலையில் அடிபட்டுச் சாகிற மான், காட்டுப்பன்றி, முயல் இவற்றை மருத்துவர் பார்த்து 'கறி நல்லா இருக்கு' என்று சொன்னால், வேண்டும் என்கிறவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். கெட்டுப்போனதைப் புதையுங்கள். நல்லதைப் புதைக்காதீர்கள்.

படித்ததும் முகத்தைச் சுளித்திருப்பீர்கள். கொஞ்சம் பொறுங்க. முழுசா கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க.

முதலில், வேட்டைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. மக்காச்சோளம் போடுகிறவன் நான். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் காட்டுப்பன்றி ஒரு ராத்திரி இறங்கினால் அரை ஏக்கர் காலி. தின்கிறது கொஞ்சம், சாய்த்து உழப்பிவிட்டுப் போகிறது மிச்சம். பழைய சேலையைச் சுற்றிலும் கட்டிப் பார்த்தாச்சு, சலூன் கடையிலிருந்து முடியை மூட்டையாக வாங்கி வந்து தூவிப் பார்த்தாச்சு, ராத்திரி பூரா தகரத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்தும் பார்த்தாச்சு. அப்படியும் அவுட்டுக்காய் வைக்கிறவனை நான் ஆதரித்தது கிடையாது. அது பன்றி என்று பார்க்காது, பசுமாட்டின் வாயையும் கிழிக்கும். வேலியில் கரண்ட் விடுகிறவனை அதைவிட ஆதரித்தது கிடையாது. அதில் செத்தது மனுஷனும்தான். அதனால் 'விவசாயிக்கு மிருகம் என்றாலே ஆகாது' என்ற பல்லவியை என்னிடம் பாட வேண்டாம்.

நான் பேசுவது ஏற்கனவே செத்த உயிரைப் பற்றி. அதைக் கொன்றது வேட்டைக்காரன் இல்லை, விவசாயி இல்லை, பசித்தவன் இல்லை. ஒரு வண்டி.

சட்டம் என்ன சொல்கிறது? வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ல் வந்தது. அதன் 39-ஆவது பிரிவுப்படி வேட்டையாடப்பட்ட காட்டு விலங்கு மட்டும் இல்லை, செத்துக் கிடந்த விலங்கும், தவறுதலாகக் கொல்லப்பட்ட விலங்கும் அரசாங்கத்தின் சொத்து. அதன் கறியும் அரசாங்கத்தின் சொத்துதான். கையில் கிடைத்தால் 48 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்திலோ உரிய அதிகாரியிடமோ சொல்லிவிட வேண்டும். 2022-ல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தை மீறினால் பொதுவான தண்டனை 3 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் இருக்கிற விலங்கு என்றால் இன்னும் கடுமை.

இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. 1972-ல் அது தேவைப்பட்டது, இன்றைக்கும் தேவைதான். அது இல்லாவிட்டால் எங்கள் பக்கத்தில் மான் என்பதைப் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருப்போம். ஆனால் சட்டத்தின் நோக்கம் என்ன? யாரும் மிருகத்தைக் கொல்லக் கூடாது என்பது. கறிக்காகக் கொல்லுகிறவனைத் தடுக்கத்தான் கறியையும் தொடாதே என்றார்கள். சரி. ஆனால் ஒரு மான் லாரியில் அடிபட்டு, நாலு பேர் பார்க்க, அதிகாரியும் மருத்துவரும் வந்து நின்று, மகஜர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, அந்தக் கறியை எரிப்பதால் எந்த மான் பிழைக்கிறது? ஒன்றும் இல்லை. அந்த இடத்தில் சட்டம் காப்பாற்றுவதற்கு ஒரு உயிரும் மிச்சமில்லை. மிச்சமிருப்பது கறியும் சாப்பிட ஆளும்தான்.

இன்னொன்றையும் கவனியுங்க. அதே 39-ஆவது பிரிவு, எழுத்துமூலமான முன் அனுமதி இல்லாமல் அந்தச் சொத்தை யாரும் வைத்திருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. அனுமதி என்று ஒரு கதவு அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. அது போதாது என்று வக்கீல்கள் சொன்னால் ஒரு வரித் திருத்தம் கொண்டுவரட்டும். பெரிய மலையைப் புரட்டச் சொல்லவில்லை.

ஊர் நியாயம் எப்படி என்று சொல்றேன். எங்கள் தெருவில் ஒரு அப்பாயி இருக்கிறது. மான் அடிபட்ட ஒரு நாள், எரித்த புகை அடங்கியபிறகு என்னிடம் கேட்டது. "ஏன் தம்பி, ஆடு பஸ்ஸுல அடிபட்டா அறுத்துக் கூறு போட்டுர்றோம்ல? ஆடு வளத்தவனுக்கும் நாலு காசு கெடைக்குது, ஊரும் தின்னுது. மானு மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு, இப்படிக் கருக்குறாங்க?"

சட்டப் பிரிவு, அட்டவணை எல்லாம் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் சரி, அந்தக் கறி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டத்திடமும் இல்லை.

இப்போது அலாஸ்காவுக்கு வாங்க. அமெரிக்காவின் வடகோடியில் இருக்கிற மாநிலம். அங்கே மூஸ் என்று ஒரு மான் இனம் உண்டு. நம் எருமையைவிட உயரம், கிடா என்றால் 500 கிலோவைத் தாண்டும். பனிக்காலத்தில் சாலை ஓரத்துக்கு வரும், இருட்டில் வண்டி மோதும். வருஷத்துக்குப் பல நூறு மூஸ் அப்படிச் சாகின்றன. அங்கேயும் அடிபட்ட மூஸ் அரசாங்கத்தின் சொத்துதான், நம்ம ஊர் மாதிரியே. வண்டி ஓட்டியவன் அதைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போக முடியாது. இதுவரைக்கும் இரண்டு ஊரும் ஒன்று.

அதற்குப் பிறகுதான் வேறு. தொண்டு அமைப்புகள், தேவாலயங்கள், கறி தேவைப்படுகிற குடும்பங்கள் முன்கூட்டியே பெயர் கொடுத்து வைத்திருப்பார்கள். மூஸ் அடிபட்டால் மாநிலப் போலீஸ் அந்தப் பட்டியலைப் பார்த்து போன் போடும். நடு ராத்திரியானாலும் கத்தியும் வண்டியும் எடுத்துக்கொண்டு உடனே வர வேண்டும். முழுசாக அகற்ற வேண்டும், சாலையில் மிச்சம் விட்டுப் போகக் கூடாது. பெரிய மூஸ் ஒன்றில் 200 கிலோ அளவுக்குக் கறி வரும். ஒரு குடும்பத்துக்கு ஒரு பனிக்காலத்தையே ஓட்டிவிடலாம். அதோடு, நன்கொடையாக வந்த காட்டு இறைச்சியைப் பள்ளிக்கூடம், முதியோர் உணவுக்கூடம், மருத்துவமனைச் சமையலறைகளில் சமைப்பதற்கு அங்கே உணவுப் பாதுகாப்பு விதிகளே எழுதி வைத்திருக்கிறார்கள். அரசாங்கத்துக்குக் குழி வெட்டுகிற செலவு கிடையாது. சாலை சுத்தம். ஜனங்களுக்குக் கறி.

அலாஸ்கா மட்டும் இல்லை. மொன்டானா 2013-ல் இதற்குச் சட்டம் போட்டது. வாஷிங்டன் மாநிலம் 2016-ல் அனுமதித்தது. ஓரிகன் 2017-ல் சட்டம் இயற்றி 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஓரிகனில் அடிபட்ட மானை எடுத்தவர் 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் அனுமதிக்கு எழுதிவிட வேண்டும். தலையையும் கொம்பையும் 5 வேலைநாளுக்குள் வனவிலங்குத் துறை அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும். தலையை வைத்து நோய்ச் சோதனை செய்வார்கள். கொம்பு கைக்குக் கிடைக்காததால் கொம்புக்கு ஆசைப்பட்டு யாரும் மோதவும் மாட்டார்கள். கறியைக் கொடு, கொம்பை வாங்கிக்கொள். யோசித்துப் பாருங்க, எவ்வளவு சுலபமான ஏற்பாடு.

'அங்கே பனி, இங்கே வெயில்' என்பீர்கள். உண்மை. மைனஸ் 20-ல் கிடக்கிற மூஸ் வேறு, சித்திரை மத்தியானம் தார் ரோட்டில் கிடக்கிற மான் வேறு. நம் ஊரில் நேரம்தான் எல்லாம். வெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் கிடந்ததைத் தொடக் கூடாது. வயிறு உப்பியதைத் தொடக் கூடாது. குடல் கிழிந்து கறியெல்லாம் சாணி கலந்திருந்தால் தொடக் கூடாது. ஆடு அறுக்கிற எந்த ஆளைக் கேட்டாலும் இதைச் சொல்வார். ஆனால் எங்கள் சாலையில் மான் பெரும்பாலும் அடிபடுவது ராத்திரியிலும் விடிகாலையிலும்தான். வெளிச்சம் வரும்போது உடம்பில் சூடே இருக்கும். அதை 11 மணி வரைக்கும் வெயிலில் போட்டு, அதிகாரி வந்து, மருத்துவர் வந்து, அதற்குப் பிறகு 'கெட்டுப்போச்சு' என்றால், கெடுத்தது வெயில் இல்லை.

நோய் பற்றிக் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2022 ஜூனில் கேரளாவில் அதிரப்பள்ளி பக்கம் செத்த காட்டுப்பன்றிகளுக்கு ஆந்த்ராக்ஸ் இருந்தது உறுதியானது. அந்த நோயில் செத்த உடம்பை அறுக்கவே கூடாது. அறுத்தால் ஆளுக்கும் ஆபத்து, மண்ணுக்கும் ஆபத்து. 2023 ஜனவரியில் முதுமலையில் காட்டுப்பன்றிகள் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் செத்தன. அது மனிதனுக்குத் தொற்றாது, ஆனால் அந்தக் கறியின் கழிவு வளர்ப்புப் பன்றிக்குப் போனால் பட்டியே காலியாகும். இதையெல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். அதனால்தான் காரணம் தெரியாமல் செத்துக் கிடப்பதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நன்றாக ஓடி வந்து வண்டியில் அடிபட்டது, அதற்கு சாட்சி இருக்கிறது என்றால் மட்டும். மருத்துவர் பார்த்துச் சரி என்றால் மட்டும்.

அந்த மருத்துவர் எங்கிருந்து வருவார் என்று கேட்காதீர்கள். இப்போதே வருகிறாரே! உடற்கூறாய்வுக்கு வருகிறார், வயிற்றைத் திறக்கிறார், ஈரல், நுரையீரல் எல்லாம் பார்க்கிறார். ஆட்டுத்தொட்டியில் ஒரு ஆட்டுக்குக்கூட இவ்வளவு பரிசோதனை நடக்காது. ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரிசையில் நின்று வாங்குகிறீர்களே, அந்த ஆட்டை எந்த மருத்துவர் பார்த்தார் என்று கடைக்காரரிடம் என்றைக்காவது கேட்டதுண்டா? முழுசாகப் பரிசோதித்த கறியை எரிக்கிறோம், பரிசோதிக்காத கறியைக் காசு கொடுத்து வாங்குகிறோம்.

அடுத்த ஆட்சேபணை: 'இதை அனுமதித்தால் வேண்டுமென்றே மோதுவார்கள்.' மான் மேல் கார் ஏற்றிக் கறி தின்ன நினைக்கிறவனுக்கு ரேடியேட்டர் விலை தெரியாது என்று அர்த்தம். 90-ல் போகிற கார் 70 கிலோ மானில் மோதினால் பம்பர், ஹெட்லைட், பானெட், ரேடியேட்டர் எல்லாம் போய்விடும். அந்தக் காசுக்கு ஆட்டுமந்தையில் பாதியை ஓட்டிக்கொண்டு வரலாம். அதோடு நான் கேட்பது மோதியவனுக்குக் கறி கொடுங்கள் என்று இல்லையே. மோதியவன் பட்டியலிலேயே கிடையாது. 'சுட்டுவிட்டு, அடிபட்டது என்று சொல்வார்கள்' என்பதற்கும் இதே பதில்தான். குண்டு பட்டதா, அவுட்டுக்காய் கடித்ததா, கண்ணியில் மாட்டியதா, வண்டி மோதியதா என்பதைப் பார்த்த மாத்திரத்தில் மருத்துவர் சொல்லிவிடுவார். உண்மையில் இன்றைக்கு நடப்பது என்ன? சொன்னால் விசாரணை, அலைச்சல். அதனால் பார்த்தவன் வாயைத் திறப்பதில்லை. ராத்திரியே தூக்குகிறவன் தூக்கிவிடுகிறான், சோதனை இல்லாமல் தின்கிறான். மாட்டிக்கொண்டால் ஜாமீனுக்கு நகையை அடகு வைக்கிறான். கறிக்கு நேர்வழி ஒன்று இருந்தால் ஊரே போன் போட்டுச் சொல்லும். எத்தனை மிருகம் எந்த வளைவில் அடிபடுகிறது என்ற கணக்காவது அரசாங்கத்துக்குக் கிடைக்கும்.

கழுகுக்கும் நரிக்கும் விட்டுவிடலாமே என்று இயற்கை ஆர்வலர் நண்பர்கள் சொல்வார்கள். காட்டுக்குள் நடந்தால் நானும் அதையே சொல்வேன். முதுமலை, மாயாறு பக்கம் பிணந்தின்னிக் கழுகு இன்னும் மிச்சம் இருக்கிற இடத்தில் முதல் உரிமை அதற்குத்தான். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால் அந்த இனத்தையே கிட்டத்தட்ட அழித்த கடன் நமக்கு இருக்கிறது. ஆனால் நான்குவழிச்சாலை ஓரத்தில் மானைப் போட்டுவைத்தால் அதைத் தின்ன வருகிற நரியும் அடுத்த லாரியில் அடிபடும். அதோடு இப்போது யாரும் கழுகுக்கு விடவில்லையே, குழிக்குத்தானே விடுகிறோம்?

இனி முக்கியமான ஆட்சேபணைக்கு வருகிறேன். இதை நகரத்து நண்பர்கள் வெளிப்படையாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் மனசுக்குள் இருக்கும். 'ஏழை என்றால் ரோட்டில் செத்ததைத் தின்னணுமா? இது கேவலம் இல்லையா?'

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். செத்த மாட்டைத் தூக்குவதும் அதன் கறியைத் தின்பதும் உன் விதி என்று ஒரு சாதியின் தலையில் கட்டி, தின்றவனையே தீட்டு என்று ஒதுக்கி வைத்த ஊர்கள் இவை. 1927 மார்ச்சில் மகாட் மாநாட்டில் அம்பேத்கர், செத்த மாட்டின் கறியை இனித் தின்னாதீர்கள் என்று தன் மக்களிடம் சொன்னார். அந்த வார்த்தைக்குப் பின்னால் எத்தனை தலைமுறையின் அவமானம் இருந்தது என்பது தெரிந்தவன், அடிபட்ட மானைக் கொண்டுபோய் இன்னாருடைய தெருவில் போடுங்கள் என்று சொல்ல மாட்டான். அப்படிச் செய்வதாக இருந்தால் எரிப்பதே மேல். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் அவமானம் கறியில் இல்லை, அதை ஒருத்தன் தலையில் கட்டியதில்தான் இருந்தது. மறுக்க முடியாத நிலையில் கொடுத்ததில் இருந்தது. கொடுத்தவன் அதைத் தொட மாட்டான் என்பதில் இருந்தது. அலாஸ்காவில் மூஸ் கறிக்குப் பெயர் எழுதி வைத்துக் காத்திருக்கிறார்கள். அங்கே அது எச்சில் இல்லை. வேட்டைக்குப் போகிற வசதியான வீட்டிலும் அதே கறிதான் வேகிறது. இங்கேயும் அப்படித்தான் இருக்க வேண்டும். பட்டியல் எல்லாருக்கும் பொது. சாதிக்கு ஒன்று, தெருவுக்கு ஒன்று என்று கிடையாது. வேண்டும் என்கிறவன் பெயர் கொடுப்பான், வேண்டாம் என்கிறவன் பேசாமல் இருப்பான். யாருக்கும் வீடு தேடிப் போய்க் கொடுக்கிற வேலை இல்லை. என் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நான் தின்னாததை இன்னொருத்தன் தின்னட்டும் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

எங்கள் ஊர்களில் இதற்கு ஏற்கனவே ஒரு முறை இருக்கிறது. கூறுகறி. பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து ஒரு ஆட்டை வாங்கி அறுத்து, தென்னங்கீற்றையோ வாழையிலையையோ விரித்து, தொடையிலிருந்து கொஞ்சம், நெஞ்சிலிருந்து கொஞ்சம், ஈரலில் கொஞ்சம் என்று சமமாகக் கூறு வைப்பார்கள். யார் கூறு எது என்பது வைத்து முடிக்கிறவரை தெரியாது. அதனால் வைக்கிறவன் ஏமாற்ற முடியாது. மானுக்கும் இதே முறைதான் வேண்டும். ஒரே ஒரு மாற்றம்: யாராலும் காசு கொடுத்து வாங்க முடியாத வீடுகளின் கூறு முதலில் எடுத்து வைக்கப்பட வேண்டும், பெயர் சொல்லிக் கூப்பிடாமல்.

'பசி எங்கே இருக்கிறது? ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறதே' என்று சொல்கிறவர்கள் உண்டு. கிடைக்கிறது. தமிழ்நாட்டில் சோற்றுக்குப் பஞ்சம் இல்லை, அதை மறுத்தால் நன்றி கெட்டவன் ஆவேன். ஆனால் சோற்றோடு என்ன என்பதுதான் கேள்வி. 2019–21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேல். ரத்தசோகைக்கு ஈரலும் சிவப்புக் கறியும் நல்லது என்று எந்த நர்சும் சொல்வார். முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். ஆட்டுக்கறி விலைக்கு அதில் ஒன்றரைக் கிலோ வாங்கினால் மாசம் முழுக்க வேறு ஒன்றும் வாங்க முடியாது. என்னிடம் நியாயம் கேட்ட அப்பாயியும் அந்தத் தொகையில்தான் வாழ்கிறது.

இன்னொரு பெரிய குழியும் வெட்டத் தயாராகிக்கொண்டிருக்கிறோம். 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்து பயிரை அழிக்கிற காட்டுப்பன்றிகளை வனத்துறை மூலம் சுடலாம் என்று அறிவித்தார்கள். கேரளாவில் 2022-லேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அந்த உத்தரவிடுகிற அதிகாரத்தைக் கொடுத்துவிட்டார்கள். அங்கே சுட்ட பன்றியைப் புதைக்க வேண்டும் என்பதுதான் விதி. சோளம் போட்டவனுக்குச் சோளமும் இல்லை, பன்றி தின்று கொழுத்த அந்தச் சோளம் கறியாகவும் திரும்பி வராது. சுட உத்தரவு போட்டதும் அரசாங்கம், சுட்டதும் அரசாங்கத்தின் ஆள், அப்புறமும் கறியைப் பார்த்து என்ன பயம்?

நான் கேட்பது நாலே விஷயம்.

ஒன்று, மான், காட்டுப்பன்றி, முயல் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளலாம். முதல் அட்டவணை விலங்குகள், மயில், குரங்கு எதுவும் வேண்டாம். மயில் நம் தேசியப் பறவை என்பது ஒரு பக்கம், எங்கள் பக்கம் மயில் பாதி விஷம் வைத்த தானியத்தைத் தின்று சாகிறது என்பது இன்னொரு பக்கம். பன்றிக் காய்ச்சலோ ஆந்த்ராக்ஸோ பரவுகிற பகுதியில் பன்றியும் வேண்டாம். மற்ற இடங்களிலும் பன்றிக்கறியை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும் என்று சொல்லியே கொடுக்க வேண்டும்.

இரண்டு, தகவல் சொன்னவருக்கு விசாரணைத் தொல்லை கூடாது. சொன்ன இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவர் வர வேண்டும். வர முடியவில்லையா, தாராளமாகப் புதையுங்கள். பத்தில் மூன்று தேறினாலும் லாபம்தான்.

மூன்று, தோல், கொம்பு, பல், தலை அத்தனையும் அரசாங்கத்துக்கே. கறியை விற்கக் கூடாது. விற்றால் இப்போது இருக்கிற தண்டனையே இருக்கட்டும். காசு நுழைந்த அன்றைக்கே வேட்டையும் நுழையும்.

நான்கு, ஊராட்சிக்கு ஒரு பொதுப் பட்டியல். முதியோர் இல்லம், ஆதரவற்றோர் விடுதி விரும்பினால் அவர்களுக்கு முன்னுரிமை. விரும்பினால் மட்டும்.

ஒரே ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு கோடைக்கு வைத்துப் பார்க்கட்டும். எங்கள் மாவட்டத்திலேயே வைக்கட்டும். எத்தனை அடிபட்டது, எத்தனை தேறியது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், வேட்டை வழக்கு கூடியதா குறைந்ததா என்று எழுதி வைக்கட்டும். கூடியிருந்தால் அடுத்த வருஷம் பழையபடி குழி வெட்டட்டும், நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

நகரத்தில் இருக்கிற உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள். முதலாவது, ராத்திரி எங்கள் பக்கம் வரும்போது மெதுவாக வாங்க. மான் படம் போட்ட மஞ்சள் பலகை சும்மா அழகுக்கு வைத்தது இல்லை. ஒரு மான் சாலையைக் கடந்தால் பின்னாலேயே இன்னும் நாலு வரும், முதல் மான் போய்விட்டது என்று ஆக்ஸிலேட்டரை மிதிக்காதீங்க. இந்தக் கட்டுரையில் நான் பேசுகிற கறி ஒரு கிலோகூட கிடைக்காமல் போனால் எனக்குச் சந்தோஷம்தான், மான் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாவது, அடுத்த தடவை 'புள்ளிமான் பலி' என்று செய்தி பார்த்தால் 'ஐயோ பாவம்' என்று போட்டுவிட்டுக் கடந்து போகாதீர்கள். மானுக்கு நேர்ந்தது பாவம்தான். அதற்குப் பிறகு அந்த 35 கிலோவை என்ன செய்தார்கள் என்றும் கேளுங்க. நாங்கள் கேட்டால் 'கறிக்கு அலையுறான்' என்பார்கள். நீங்கள் கேட்டால் பதில் சொல்வார்கள்.